கம்பத்து விளக்கு அணைந்தால் அதோடு முடிந்ததா?

மீள்குடியேறிய கிராமங்களிலும், சொந்தக் காணிக்கு இன்னும் திரும்ப முடியாமல் எமது குடும்பங்கள் தங்கியிருக்கும் குடியிருப்புகளிலும் ஒரு காட்சியைக் காணலாம். ஒழுங்கை முகப்பில் இரும்புக் கம்பம் நிற்கும். உச்சியில் சூரிய மின்தகடு இருக்கும். அதன் கீழே விளக்கும் இருக்கும். வெளிச்சம் மட்டும் இராது. கம்பத்தில் மாடு கட்டியிருப்பார்கள், அல்லது உடுப்புக் காயப்போடும் கயிறு கட்டியிருப்பார்கள். கேட்டால், "அது பழுதாய்ப் போச்சுது, தந்தவை வந்து திருத்தினால்தான் உண்டு" என்பார்கள்.

தந்தவர்கள் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. திட்டம் முடிந்தால் அவர்களுடைய கணக்கும் முடிந்துவிடும். இருளில் நடப்பவர்கள் நாம்தான். மாலை வகுப்பு முடிந்து வரும் பிள்ளைகள், கிணற்றடிக்கும் மலசலகூடத்துக்கும் போகும் பெண்கள், இரவுக் காவலுக்கு வயலுக்குப் போகும் கமக்காரர் என்று எல்லோரும் அந்த ஒழுங்கையால்தான் போகிறார்கள். புடையன் பாம்பு படுத்திருப்பதும் அதே ஒழுங்கையில்தான். காட்டோரக் கிராமங்களில் யானை நிற்பதையும் கிட்டப் போன பிறகே காண்கிறோம். ஆகவே அணைந்த விளக்கைச் சிறிய விடயம் என்று தள்ளிவிட முடியாது.

இதற்குப் பின்னால் ஒரு மனநிலையும் இருக்கிறது. "இது எங்கட ஊர் இல்லை, எப்படியும் போகத்தானே போறம், இதைத் திருத்தி என்ன?" என்று பலர் நினைக்கிறார்கள். இடம்பெயர்ந்த மனத்தின் வேதனை அது. அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் போவோம் போவோம் என்றே பத்து, இருபது ஆண்டுகள் கழித்த குடும்பங்கள் எம்மிடையே உண்டு. இன்றிரவு பிள்ளை நடப்பது இந்த ஒழுங்கையில்தான். நாளை ஊருக்குப் போனால் கம்பம் இங்கேயே நிற்கலாம். அதைத் திருத்தப் பழகிய கை எம்மோடு வரும்.

திருத்த எம்மால் முடியுமா என்று கேட்பவர்கள் 1990 களை நினைத்துப் பார்க்க வேண்டும். மின்சாரமே இல்லாத அந்த ஆண்டுகளில் ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கு எரித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். அப்படிப்பட்ட சனத்துக்கு ஒரு கம்பத்து விளக்கு பெரிய வித்தையல்ல. தண்ணீர் இறைக்கும் இயந்திரம் ஸ்ராட் வராவிட்டால் அதைத் தூக்கி எறிகிறோமா? எண்ணெய் இருக்கிறதா, பிளக்கில் நெருப்பு வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். விளக்கையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். செலவில்லாத சோதனை முதலில், செலவுள்ளது கடைசியில்.

சூரிய விளக்கில் உள்ளவை நான்கு பகுதிகளே. வெயிலை மின்சாரமாக்கும் தகடு, அதைச் சேமிக்கும் பற்றரி, எப்போது ஏற்றுவது எப்போது எரிப்பது என்று தீர்மானிக்கும் கட்டுப்படுத்தி, வெளிச்சம் தரும் எல்.ஈ.டி. விளக்கு. இவற்றை இணைக்கும் வயரும் பியூசும் உண்டு. ஒன்று பழுதானாலே விளக்கு அணைந்துவிடும். ஆனால் மற்றவை நன்றாகவே இருக்கக்கூடும்.

முதலில் கண்ணால் பாருங்கள். தகட்டில் புழுதியும் காக எச்சமும் படிந்திருக்கிறதா? கம்பம் நட்டபோது இடுப்பளவில் நின்ற வேம்பு இப்போது தகட்டுக்கு மேலே வளர்ந்திருக்கிறதா? தகட்டின் ஒரு மூலையில் விழும் நிழல்கூட முழுத் தகட்டின் மின்சாரத்தையும் வெகுவாகக் குறைத்துவிடும். கொப்பை வெட்டி, காலை வேளையில் ஈரத்துணியால் தகட்டைத் துடைத்து, இரண்டு மூன்று நாள் வெயில் படவிட்டுப் பாருங்கள். மார்கழி மழையில் நாட்கணக்கில் வெயில் இல்லாதபோது விளக்கு நேரத்தோடு அணைவது பழுதல்ல.

அடுத்து, விளக்கு எப்படி நடந்துகொள்கிறது என்று கவனியுங்கள். மாலையில் எரிந்து எட்டு மணிக்குள் அணைந்தால், பற்றரி கிழடு தட்டிவிட்டது, அல்லது பகலில் போதிய அளவு ஏறவில்லை. பகலிலும் எரிந்தால், தகட்டிலிருந்து வரும் வயர் அறுந்திருக்கலாம். பல விளக்குகளில் தகட்டில் மின்சாரம் வராததைக் கொண்டே கட்டுப்படுத்தி இரவு என்று அறிகிறது. வயர் அறுந்தால் அதற்கு நாள் முழுவதும் இரவுதான். விட்டுவிட்டு மின்னினால் இணைப்பு எங்கோ தளர்ந்திருக்கும், அல்லது பற்றரி வலுவிழந்திருக்கும். எரியவே இல்லையென்றால் பியூஸ், இணைப்பு, பற்றரி, விளக்கு என்ற ஒழுங்கில் தேடுங்கள். பக்கத்துக் கடையின் பெரிய விளக்கு தகட்டில் படுகிறதா என்றும் பாருங்கள். அந்த வெளிச்சத்தைப் பகல் என்று எண்ணி விளக்கு எரியாமல் இருக்கலாம்.

பகலில் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. தகட்டைத் தடித்த சாக்கினால் முழுவதும் மூடிச் சில நிமிடம் பொறுங்கள். விளக்கு எரிந்தால் விளக்கும் அதற்குப் போகும் வயரும் நல்லவை. குறை தகட்டிலோ பற்றரியிலோதான். பற்றரி தனிப்பெட்டியில் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. நன்றாக எரியும் கம்பத்தின் பற்றரியை இதிலும், இதனுடையதை அதிலும் மாற்றிப் பூட்டுங்கள். இரண்டும் ஒரே வகையாக, ஒரே வோல்ற் அளவாக இருக்க வேண்டும். குறை பற்றரியோடு சேர்ந்து மற்றக் கம்பத்துக்குப் போனால் குற்றவாளி பற்றரிதான். கழற்றும்போது முதலில் தகட்டின் வயர், பிறகு பற்றரி. பூட்டும்போது முதலில் பற்றரி, பிறகு தகடு. கூட்டல், கழித்தல் முனைகள் மாறக்கூடாது.

மீற்றர் ஒன்றைக் கிராமத்தில் பொதுவாக வாங்கி வைத்தால் இன்னும் நல்லது. 12 வோல்ற் ஈய அமிலப் பற்றரி நன்றாக ஏறி, சிலமணி நேரம் சும்மா இருந்தபின் ஏறத்தாழ 12.7 வோல்ற் காட்டும். நல்ல வெயில் நாளுக்குப் பின்னும் விளக்கு எரிந்து ஒரு மணி நேரத்துக்குள் 11 இற்குக் கீழே இறங்கினால் அதன் காலம் முடிந்தது. லித்தியம் பற்றரிக்கு இந்த அளவுகள் பொருந்தா. அதன் உடலில் எழுதியிருப்பதைப் பாருங்கள், அதை உடைத்துப் பார்க்கவே கூடாது. முனைகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் சுரண்டித் துடைத்து, இறுக்கிப் பூட்டிக் கிறீஸ் பூசுங்கள். உப்புக்காற்று வீசும் கரையோரங்களில் இந்த வேலை ஒன்றே பல விளக்குகளை எரிய வைக்கும்.

சில காரியங்களைச் செய்யவே கூடாது. எரிந்த பியூசுக்குப் பதிலாகக் கம்பித் துண்டு வைக்காதீர்கள். பற்றரிப் பெட்டியருகே பீடி, நெருப்புக்குச்சி வேண்டாம். மின்னேறும்போது தீப்பற்றும் வாயு வெளிவரும். பழைய பற்றரியைப் பற்றைக்குள்ளோ பாழ்கிணற்றுக்குள்ளோ எறிந்தால் ஈயம் எமது தண்ணீரில்தான் கலக்கும். அதைப் பற்றரிக் கடைக்குக் கொடுத்துவிடுங்கள்.

இத்தனையும் சூரிய விளக்குக்கே பொருந்தும். மின்கம்பியிலிருந்து 230 வோல்ற் எடுக்கும் வீதி விளக்கில் நாம் கைவைக்கக் கூடாது. ஏறி விழுந்தவர்களும் மின்தாக்கி இறந்தவர்களும் உண்டு. கம்பத்தின் இலக்கத்தைக் குறித்து, எரியவில்லையா, பகலிலும் எரிகிறதா என்று எழுதி, பிரதேச சபைக்குக் கடிதம் கொடுத்துப் பிரதியொன்றை வைத்திருங்கள். வடக்குக் கிழக்கில் பெரும்பாலான சபைகளில் 2023 மார்ச் தொடக்கம் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்கள் இருக்கவில்லை. 2025 மே 6 இல் தேர்தல் நடந்ததால், வாக்குக் கேட்டு வந்தவரிடம் வெளிச்சம் கேட்கும் உரிமை எமக்கு இருக்கிறது. எனினும் மின்கம்பியை மட்டும் நம்பியிருக்க முடியாது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தபோது, சூரிய விளக்கு எரிந்த ஒழுங்கைகளில்தான் வெளிச்சம் இருந்தது.

ஈய அமிலப் பற்றரி பெரும்பாலும் இரண்டு தொடக்கம் ஐந்து ஆண்டுகளுக்குள் மாற்ற வேண்டியது. அது முதல் நாளே தெரிந்த செலவு. அதற்கென நிதி சேர்க்காத கிராமம், விளக்கு அணையப்போகும் நாளுக்காகக் காத்திருக்கிறது என்றே சொல்வோம். 20 குடும்பங்கள் மாதம் 50 ரூபா போட்டால் ஓராண்டில் 12,000 ரூபா, மூன்றாண்டில் 36,000 ரூபா சேரும். பற்றரியின் விலையைக் கடையில் விசாரித்துத் தொகையைக் கூட்டலாம், குறைக்கலாம். கணக்கு மாதர் சங்கத்தின் கையில் இருக்கட்டும். இருளால் அதிகம் அவதிப்படுபவர்கள் பெண்களே. அந்தப் பணம் வேறு வழியில் போக அவர்கள் விடமாட்டார்கள்.

விளக்குத் தர வரும் நிறுவனங்களிடமும் நாம் கூச்சமின்றிச் சில கேள்விகள் கேட்க வேண்டும். பற்றரிப் பெட்டியின் திறப்பு யாரிடம் இருக்கும்? அதே பற்றரி பக்கத்து நகரத்தில் கிடைக்குமா? எங்கள் இளைஞர் இருவருக்கு, அவர்களில் ஒருத்தி பெண்பிள்ளையாக, கழற்றிப் பூட்டக் காட்டித் தருவீர்களா? இவற்றுக்குப் பதில் இல்லாத விளக்கின் கம்பத்தில் சில ஆண்டுகளில் மாடுதான் கட்டுவோம்.

இந்தக் கிழமையே ஓர் இரவு நாலைந்து பேர் சேர்ந்து நடந்து, எத்தனை கம்பம் எரிகிறது, எத்தனை எரியவில்லை என்று கொப்பியில் எழுதுங்கள். மறுநாள் காலையில் ஏணி, ஈரத்துணி, கொப்பு வெட்டக் கத்தி ஆகியவற்றோடு போங்கள். ஏணியை ஒருவர் கட்டாயம் பிடித்திருக்கட்டும். மேலே மின்கம்பி ஓடும் இடத்தில் ஏணியே வைக்க வேண்டாம். துடைத்தும் வெட்டியும் இறுக்கியுமே சில விளக்குகள் எரியத் தொடங்கும். எஞ்சியவற்றுக்கு எது தேவை, என்ன செலவு என்று அடுத்த சங்கக் கூட்டத்தில் பேசுங்கள்.