உயிருள்ள மென்பொருளை அறிவது எப்படி?

குளச்சல், தேங்காய்ப்பட்டணம், திருவிதாங்கோடு, தக்கலை, இடலாக்குடி எனக் குமரி மாவட்டத்து முஸ்லிம் ஊர்களில் எந்தத் தெருவில் நடந்தாலும், வளைகுடா நாடுகளில் பொருளீட்டும் ஒருவரையேனும் பிரிந்து வாழும் வீடுகள் பலவற்றைக் காணலாம். ஒரு காலத்தில் கடிதமும், குரலைப் பதிவு செய்து அனுப்பிய ஒலிநாடாவும், பின்னர் ஐ.எஸ்.டி. பூத்துமே இவ்வீடுகளுக்கு உறவுப் பாலமாய் இருந்தன. இன்றோ வாப்பாவின் முகத்தைப் பார்த்தவாறே பிள்ளை பேசுகிறது. ஊரில் நடக்கும் நிக்காஹ் மஜ்லிஸை உடன்பிறந்தோர் கடலுக்கு அப்பாலிருந்து நேரலையில் காண்கின்றனர்.

இந்த வசதியைத் தரும் மென்பொருள்கள் பல. அவற்றுள் ஒன்றை நாம் எவ்வாறு தேர்ந்தெடுக்கிறோம்? "பக்கத்து வீட்டார் வைத்திருக்கிறார்கள்", "இலவசமாகக் கிடைக்கிறது" என்பனவே பெரும்பாலும் நாம் காணும் காரணங்கள். ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று உண்டு. இம்மென்பொருளின் மீது இன்றும் யாரேனும் பணி செய்து கொண்டிருக்கிறார்களா?

நாஞ்சில் நாட்டு விவசாயிகளுக்கு இக்கேள்வியின் பொருள் எளிதில் விளங்கும். குளத்தை ஒருமுறை வெட்டிவிட்டால் போதாது. தூர் வார வேண்டும். மடையைப் பழுது பார்க்க வேண்டும். கரையைப் பலப்படுத்த வேண்டும். கவனிப்பாரற்ற குளம் பார்வைக்கு நிறைந்திருந்தாலும் ஒரு பெருமழையில் உடைந்து போகலாம். மென்பொருளும் அத்தகையதே.

பெயர் மட்டும் போதுமா?

புகழும் பெருமூலதனமும் மட்டுமே ஒரு மென்பொருளைக் காப்பாற்றிவிடா என்பதற்கு ஸ்கைப் தக்க சான்று. 2003-ஆம் ஆண்டு தோன்றிய ஸ்கைப், இணையவழிப் பேச்சு என்பதற்கே மறுபெயராய் விளங்கியது. 2005-இல் ஈபே நிறுவனமும், 2011-இல் 850 கோடி டாலர் கொடுத்து மைக்ரோசாப்ட் நிறுவனமும் அதனை வாங்கின. பின்னர் மைக்ரோசாப்ட்டின் கவனம் டீம்ஸ் என்னும் மற்றொரு மென்பொருளுக்குத் திரும்பியது. 2025 மே 5-ஆம் நாள் ஸ்கைப் மூடப்பட்டது. அதில் சேர்த்து வைத்த தொடர்பு முகவரிகளையும் உரையாடல்களையும் பயனாளர்கள் வேறிடத்திற்கு மாற்றிக் கொள்ள வேண்டியதாயிற்று.

எகிகா என்பதன் கதையோ வேறு. லினக்ஸ் கணினிகளில் காணொளிப் பேச்சுக்குப் பெயர் பெற்றிருந்த இம்மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2013-இல் வெளிவந்தது. எவரும் அதற்கு மூடுவிழா நடத்தவில்லை. பணி நின்றது, பயன்பாடும் மெல்ல மறைந்தது.

பணி ஏன் தொடர வேண்டும்?

இதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, சுற்றுச் சூழல் மாறிக் கொண்டே இருக்கிறது. கைப்பேசியின் இயங்குதளமும் இணைய உலாவியும் புதிது புதிதாய் வருகின்றன. பிக்புளூபட்டன் என்னும் இணைய வகுப்பறை மென்பொருள் 2007-இல் கனடாவின் ஒட்டாவா நகரிலுள்ள கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்டது. அது தொடக்கத்தில் அடோப் நிறுவனத்தின் ஃப்ளாஷ் என்ற தொழில்நுட்பத்தையே நம்பியிருந்தது. 2020 இறுதியில் ஃப்ளாஷ் கைவிடப்பட்டது. அந்த நாள் வருமென முன்னரே அறிந்து, உலாவி ஒன்றிருந்தாலே போதும் என்னும்படி அதனை மாற்றியமைத்திருந்தனர். பணி நின்றிருந்தால் அன்றே அதன் ஆயுள் முடிந்திருக்கும்.

இரண்டாவது, பாதுகாப்பு. 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது ஜூம் செயலி உலகெங்கும் பரவியது. அவ்வாண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் இந்திய உள்துறை அமைச்சகம், அது பாதுகாப்பான தளம் அன்று என எச்சரித்தது. ஜூம் நிறுவனமோ, புதிய வசதிகளைச் சேர்ப்பதை 90 நாட்களுக்கு நிறுத்திவிட்டுப் பாதுகாப்புப் பணியில் மட்டும் ஈடுபடுவதாக அறிவித்தது. உரையாடுவோர் இருவரைத் தவிர இடையில் எவரும் அறிய இயலாத முனைக்கு முனை மறையாக்கம் அவ்வாண்டு அக்டோபரில் வழங்கப்பட்டது. குறை இல்லாத மென்பொருள் உலகில் இல்லை. குறை தெரிந்தபின் அதைக் களைய ஆட்கள் உள்ளனரா என்பதே நாம் பார்க்க வேண்டியது. நம் வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் முகம் காட்டிப் பேசும் ஒரு கருவியைப் பொறுத்தவரை இது அலட்சியப்படுத்தத் தக்க செய்தியன்று.

மூன்றினை ஒப்பிடுவோம்

மென்பொருளின் கட்டளை வரிகளை எவரும் படிக்குமாறு வெளியிடுவதைத் திறமூலம் என்பர். இவ்வகை மென்பொருள்கள் பல கிட்ஹப் என்னும் இணையத் தளத்தில் உள்ளன. கடைசி மாற்றம் எந்நாளில் செய்யப்பட்டது, எத்தனை பேர் பங்களிக்கின்றனர், தெரிவிக்கப்பட்ட குறைகளில் எத்தனை தீர்க்கப்பட்டன என்பனவற்றை எவரும் அங்கே காணலாம். கல்லூரியில் கணினி பயிலும் பிள்ளை வீட்டில் இருப்பின் சில நிமிடங்களில் பார்த்துச் சொல்லிவிடும்.

ஜிட்சி என்பதை எமில் இவோவ் என்பவர் 2003-இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் மாணவராய் இருந்தபோது தொடங்கினார். 2015-இல் அட்லாசியன் நிறுவனத்திடமும், 2018-இல் 8x8 நிறுவனத்திடமும் அது சென்றது. உரிமை இருமுறை கைமாறியும் பணி நிற்கவில்லை. ஓர் இணைப்பைச் சொடுக்கி உள்ளே வரும் எளிமை அதன் சிறப்பு. எனினும், 2023 ஆகஸ்ட் முதல் அவர்களது பொதுத் தளத்தில் கூட்டத்தைத் தொடங்குபவர் தம் கணக்கின் மூலம் நுழைய வேண்டும் என்ற விதி வந்தது.

மேலே கூறிய பிக்புளூபட்டன் வகுப்புகளுக்கென்றே உருவானது. எழுதுபலகை, மாணவர்களைச் சிறு குழுக்களாய்ப் பிரிக்கும் வசதி, பாடத்தைப் பதிவு செய்யும் வசதி ஆகியன அதில் உண்டு. ஆயின், பள்ளியோ மதரஸாவோ அதனைத் தானே நடத்த விரும்பினால் தனியாக ஒரு சர்வரும், அதைப் பராமரிக்கத் தெரிந்த ஒருவரும் தேவை.

ஓ.பி.எஸ். ஸ்டுடியோ என்பது உரையாடலுக்கன்று, ஒளிபரப்புக்கு உரியது. கேமராக்களின் காட்சியையும் ஒலிவாங்கியின் ஒலியையும் ஒன்று சேர்த்து யூடியூப் போன்ற தளங்களுக்கு அனுப்பி வைப்பது. 2012-இல் ஹியூ பெய்லி என்ற தனி மனிதர் தொடங்கிய இப்பணியில் இன்று உலகெங்கிலுமிருந்து பலர் பங்கு கொள்கின்றனர். மண்டபத்து நிக்காஹையோ மீலாது விழாவையோ நேரலையாக அனுப்ப இதுவே ஏற்றது.

எண்ணிக்கை மட்டும் அளவுகோலன்று

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. ஒரு மென்பொருளில் மாதம் ஆயிரம் மாற்றங்கள் நடந்தால் அது உயர்ந்தது, நூறு நடந்தால் தாழ்ந்தது என முடிவு கட்டிவிடலாகாது. எழுத்துப் பிழை திருத்தமும் ஒரு மாற்றமாகவே கணக்கிடப்படும். இயந்திரம் தானே செய்யும் மாற்றங்களும் அக்கணக்கில் சேரும். நன்கு முதிர்ந்த மென்பொருளுக்குச் சில மாற்றங்களே போதும். பங்களிப்போர் பலரா, ஒருவர் மட்டுமா? பாதுகாப்புக் குறை விரைந்து தீர்க்கப்படுகிறதா? ஒரு நிறுவனம் விலகினாலும் பிறர் தொடர இயலுமா? இவற்றையே எடை போட வேண்டும். மூலநிரல் வெளியாகியிருந்தால் பிறர் தொடர வழியுண்டு. ஸ்கைப்புக்கு அவ்வழி இருக்கவில்லை.

மூலநிரலை வெளியிடாத நிறுவனச் செயலிகளாயின், பிளே ஸ்டோரில் கடைசியாகப் புதுப்பித்த நாளையும், அப்போது செய்த மாற்றங்களையும் பார்க்கலாம். நம் நாட்டிலும் இத்துறையில் முயற்சிகள் உண்டு. மத்திய அரசின் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2020-இல் நடத்திய காணொளிக் கூட்ட மென்பொருள் போட்டியில், கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த டெக்ஜென்ஷியா நிறுவனத்தின் வீகன்சோல் ஒரு கோடி ரூபாய்ப் பரிசை வென்றது. 1956-க்கு முன் குமரியும் ஆலப்புழையும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தவை என்பதை எண்ணும்போது, பெருநகரங்களில் மட்டுமே இத்தகைய பணி நடக்கும் என்ற எண்ணம் நம் பிள்ளைகளுக்கு வேண்டியதில்லை. தமிழ்ப் பெயர் தாங்கிய சோஹோவின் அரட்டை செயலி 2021-இல் வெளிவந்து, 2025-இல் பெரிதும் பேசப்பட்டது. சொந்த நாட்டுச் செயலி என்று மகிழும் அதே வேளையில், மேற்கூறிய கேள்விகளை அதனிடமும் கேட்பதே முறை.

வளைகுடாவில் உறவினர் உள்ளோர் மற்றொன்றையும் கருத்திற் கொள்ள வேண்டும். எவ்வளவு சிறந்த மென்பொருளாயினும், அந்நாட்டுச் சட்டம் அனுமதித்தால்தான் பயன்படும். சவூதி அரேபியா 2017 செப்டம்பரில் இணையவழி அழைப்புகளுக்கான தடையை நீக்கியது. ஐக்கிய அரபு அமீரகத்திலோ அனுமதி பெற்ற செயலிகள் வழியாகவே பேச வேண்டும் என்பது விதி.

எனவே ஒரே செயலியை நம்பி எல்லாத் தொடர்பையும் அதனுள் வைத்துவிடாதீர்கள். முக்கியமான எண்களைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பெரியவர்களின் முகமும் குரலும் அடங்கிய பதிவுகளைத் தனியே சேமித்து வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் நம் செயலியின் மீது பணி தொடர்கிறதா என்று பாருங்கள். கைப்பேசியில் அப்டேட் கேட்டு வரும் அறிவிப்பைத் தொல்லையென ஒதுக்காதீர்கள். யாரோ ஒருவர் எங்கோ அமர்ந்து கரையின் விரிசலை அடைத்திருக்கிறார் என்பதே அதன் பொருள்.