பயிற்சி கிடைக்கிறது, கடைக்கு இடம்?

தேவதானப்பட்டி போன்ற ஊர்களிலும் 'பேஷியல்' இன்று கல்யாணச் செலவுக் கணக்கில் ஏறிவிட்டது. மதுரை, கோவையில் சரும கிளினிக்குகள் பெருகுகின்றன. வேலை இருக்கிறது, நம் பிள்ளைகளும் போகட்டும். ஆதிதிராவிடர், பழங்குடி இளைஞர்களுக்கான அழகுக்கலை, சரும பராமரிப்புப் பயிற்சிக் கட்டணத்தைத் தாட்கோவே ஏற்கிறது.

ஆனால் குறுகிய காலப் பயிற்சி பார்லர் வேலைக்குத்தான். ஊசியும் லேசரும் மருத்துவர் வேலை. முதலாளி சொன்னாலும் தொடாதீர்கள். வழக்கு என்று வந்தால் ஊசி பிடித்த கையைத்தான் முதலில் கேட்பார்கள். ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று 2018-லேயே விதி வந்தது. தோலை மெலிய வைக்கும் அதைச் 'சிவப்பழகு' என்று விற்க நாம் எதற்கு? கறுப்பு நோயா என்ன?

என்னை உறுத்துவது அடுத்த கட்டம். சொந்தக் கடை வைக்கத் தாட்கோவின் முதல்வர் தொழில்முனைவுத் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் ரூ.3.5 லட்சம் மானியம் உண்டு. கடைத்தெருவில் இடம் யார் தருவார்? "நீங்க எந்தத் தெரு?" என்ற கேள்விக்குப் பிறகு எத்தனை ஊர்களில் சாவி கைக்கு வருகிறது? காலனிக்குள் வைத்தால் ஊர்ப் பெண்கள் வரத் தயங்குவார்கள். முகத்தைத் தொட்டுச் செய்யும் தொழில் அல்லவா!

பேரூராட்சிக் கடைகளை ஏலம் விடும்போது, பயிற்சி முடித்த பெண்களுக்கு ஒன்றிரண்டை நியாய வாடகையில் ஒதுக்க மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும்.