புகைக்கு எழுத்து வருது, வசனத்துக்கு வராதா?

கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க. கோபத்துல எழுதுறேன், ஆனா தகவல்களைச் சரிபார்த்துட்டுதான் எழுதுறேன்.

அரசு மருத்துவமனையில வேலை பாக்குறேன். சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்க மாசா மாசம் வர்ற கூட்டம் உங்களுக்குத் தெரியும். அதுல ஒரு அம்மா. வயசு நாப்பதுக்கு மேல, தையல் வேலை, பிறவியிலேயே காது கேட்காது. (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) ரெண்டு வருஷமா மாசம் தவறாம வர்றவங்க. டோக்கன் நம்பரை ஸ்பீக்கர்ல கூப்பிடுவாங்க. இவங்களுக்குக் கேட்காது. பக்கத்துல இருக்கறவங்க தட்டிச் சொன்னா உண்டு, இல்லன்னா கடைசி ஆளா உள்ள வருவாங்க. நானும் "இவ்வளவு லேட்டா வந்தா எப்படிம்மா"ன்னு ஒரு தடவை சத்தம் போட்டிருக்கேன். அவங்களுக்கு அதுவும் கேட்கல.

போன வருஷம் ஒரு நாள் பையனைக் கூட்டிட்டு வந்தாங்க. ஆறாவது படிக்கிறான். மார்புல கட்டி. நான் பாத்துட்டு, ஸ்கேன் எடுக்கணும், ஊசி போட்டு சதை எடுத்துப் பரிசோதிக்கணும்னு அவன்கிட்ட சொன்னேன். அவன் அம்மாவுக்குக் கை ஜாடையில சொல்லல. என்னைப் பாத்து, "கேன்சரா சார்?"னு கேட்டான். பதினோரு வயசுப் பையன் தன் அம்மாவுக்கு அதைக் கையால எப்படிச் சொல்லுவான்?

அப்பதான் ஒரு பேப்பரை எடுத்து எழுதினேன். அவங்க படிச்சாங்க. எட்டாவது வரைக்கும் படிச்சவங்க, தமிழ் நல்லாவே எழுதுவாங்க. ரெண்டு வருஷமா இது எனக்குத் தெரியாது. நான் கேட்கவே இல்ல.

கட்டி எத்தனை நாளா இருக்குன்னு எழுதிக் கேட்டேன். ஏழெட்டு மாசம்னு எழுதினாங்க. ஏன் முன்னாடியே காட்டலைன்னு கேட்டேன். வலிக்கலை, அதனால ஒண்ணுமில்லைன்னு நினைச்சேன்னு எழுதினாங்க.

எங்க வெயிட்டிங் ஹால்ல ஒரு டிவி இருக்கு. அதுல சுகாதாரக் குறும்படங்கள் ஓடிக்கிட்டே இருக்கும். காசநோய், டெங்கு, கர்ப்பவாய்ப் புற்றுநோய், மார்பகக் கட்டி. வலி இல்லாத கட்டியைத்தான் உடனே காட்டணும்னு அந்தப் படத்துல ஒரு டாக்டரம்மா பேசுவாங்க. அந்த டிவிக்கு நேர் எதிர்ல இந்த அம்மா ஏழெட்டு மாசமா, மாசம் மூணு மணி நேரம் உட்கார்ந்திருக்காங்க. திரையில ஒரு முகம் பேசிட்டிருந்தது, அவ்வளவுதான். கீழ ஒரு வரி எழுத்து கிடையாது.

இதுல இன்னொரு கூத்து இருக்கு. டோக்கன் கூப்பிடுறது கேட்கலைன்னு நம்ம ஸ்டாஃபே அந்த டிவி வால்யூமைக் குறைச்சு வெச்சிடுவாங்க. அதாவது காது நல்லா இருக்கறவங்களுக்கும் அந்தப் படம் ஊமைப் படம்தான்.

அன்னைக்கு ராத்திரி நானும் மருந்தாளுநரும் உட்கார்ந்து அந்த நாலு நிமிஷப் படத்தோட பேச்சை முழுக்க டைப் அடிச்சோம். ரெண்டு மணி நேரம் ஆச்சு. முதல்ல எழுத்தைத் தனிக் கோப்பா பென்டிரைவ்ல போட்டுப் பாத்தோம், பழைய டிவி, தமிழ் எழுத்துக்குப் பதிலா கட்டம் கட்டமா வந்துது. அப்புறம் லேப்டாப்லேயே எழுத்தைப் படத்தோட சேர்த்து ஒட்டிப் போட்டோம். செலவு ரெண்டு டீ.

இதைப் பெருமைக்குச் சொல்லல. எனக்கு உறைச்ச பிறகு, எனக்கு நேரம் இருந்த ஒரு ராத்திரி, ஒரே ஒரு டிவியில நடந்தது இது. அடுத்த ஊர் ஆஸ்பத்திரியில, பஸ் ஸ்டாண்டுல, தியேட்டர்ல? அங்க யாருக்கு எப்ப உறைக்கிறது? ஒருத்தரோட உரிமை இன்னொருத்தருக்கு எப்ப மனசு வருதோ அப்பதான் கிடைக்கும்னா, அதுக்குப் பேரு தர்மம். சட்டம் இல்ல.

சட்டம்னு ஒண்ணு இருக்கு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. அதோட 42-வது பிரிவு, மின்னணு ஊடகங்கள்ல ஒலி விவரிப்பு, சைகை மொழிபெயர்ப்பு, குளோஸ்டு கேப்ஷன் மூணும் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்கணும்னு பேர் சொல்லியே எழுதியிருக்கு. 25-வது பிரிவு, அரசு, தனியார் ஆஸ்பத்திரி எல்லாத்துலயும் தடையில்லா அணுகல் வேணும்னு சொல்லுது. அதை நாம சாய்வுதளம்னு மட்டும் புரிஞ்சுக்கிட்டோம். வாசல்ல ஒரு சிமெண்ட் சரிவு கட்டிட்டா முடிஞ்சுதுன்னு நினைக்கிறோம். வீல்சேர் உள்ள வந்துடும், சரி. காது கேட்காதவங்க உள்ள வந்த பிறகு என்ன?

மீறினா அபராதமும் இருக்கு. 89-வது பிரிவு: முதல் தடவை 10,000 ரூபாய் வரை, மறுபடியும் மீறினா 50,000-ல இருந்து 5 லட்சம் வரை. கேப்ஷன் போடலைன்னு நம்ம ஊர்ல ஒரு தியேட்டர் அபராதம் கட்டினதா நான் கேள்விப்பட்டதில்ல. நீங்க கேள்விப்பட்டிருந்தா சொல்லுங்க, சந்தோஷமா திருத்திக்கிறேன்.

ஏன் இப்படி? சட்டம் கட்டாயம்னு சொன்னதை, அதுக்கு எழுதின விதிகள் "வழிகாட்டுதல்"னு மாத்திடுச்சு. இது என் கருத்து மட்டும் இல்ல. 2024 நவம்பர்ல ராஜீவ் ரதூரி வழக்குல உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. 2017 விதிகளோட 15(1)-வது விதி, சட்டம் கட்டாயமாக்கினதை வெறும் பரிந்துரையா ஆக்குது, அதனால செல்லாதுன்னு தீர்ப்பு. எந்தெந்த அம்சம் கட்டாயம்னு தனியாப் பிரிச்சு மூணு மாசத்துல விதி எழுதுங்க, அதுக்கப்புறம் மீறினா அபராதம் போடுங்கன்னும் சொன்னாங்க. அந்தக் கெடு 2025 பிப்ரவரியோட முடிஞ்சுது. உங்க ஊர் தியேட்டர்ல என்ன மாறியிருக்குன்னு நீங்களே போய்ப் பாருங்க.

சினிமாவுக்குன்னு தனியாவும் 2024 மார்ச்ல ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் வழிகாட்டுதல் கொடுத்துச்சு. மறுபடி அதே வார்த்தை. வழிகாட்டுதல். நான் நோயாளிக்கு "முடிஞ்சா இன்சுலின் போட்டுக்கோங்க"ன்னு எழுதிக் கொடுத்தா எப்படி இருக்கும்?

2023 ஜனவரியில 'பதான்' படத்துக்கு எதிரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனாங்க. ஓடிடியில வரும்போது கேப்ஷனும் ஒலி விவரிப்பும் இருக்கணும்னு உத்தரவு கிடைச்சுது. நல்ல உத்தரவு. ஆனா தியேட்டர் ரிலீஸுக்கு நாள் நெருங்கிட்டதால அதுக்கு உத்தரவு வரல. ஊரே விசிலடிச்சுப் பாக்குற முதல் நாள் காட்சி நமக்கு, ஒரு மாசமோ ரெண்டு மாசமோ கழிச்சு வீட்டுல செல்போன்ல பாக்குறது அவங்களுக்கு. அதுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் ஒருத்தர் ஹைகோர்ட் படியேறணுமா?

இப்ப வழக்கமா வர்ற பதில்களுக்கு வரேன்.

"எழுத்து போட்டா படம் பாக்குற அனுபவம் கெட்டுடும்." அப்படியா? 2012-ல இருந்து திரையில யாராவது சிகரெட் பத்த வெச்சா கீழ எச்சரிக்கை வாசகம் வருதே. படத்துக்கு முன்னாடியும் இடைவேளைக்கு அப்புறமும் புகையிலை விளம்பரம் வேற. அதுக்காக வுடி ஆலன் தன்னோட 'ப்ளூ ஜாஸ்மின்' படத்தை 2013-ல இந்தியாவுல வெளியிடவே மறுத்தார். அரசு அசைஞ்சு கொடுக்கல. டாக்டரா நான் அதைக் கைதட்டி வரவேற்கிறேன். நம்ம ஹீரோ வாயில சிகரெட்டோட நிக்கிற மாஸ் சீன்ல எழுத்து வந்தும் யாரும் தியேட்டரை விட்டு எழுந்து போகல. ஏன் அது மட்டும் நடந்தது? அது விதி. வழிகாட்டுதல் இல்ல. ஆக திரையில எழுத்து போடத் தெரியாத நாடு இல்ல இது.

அதுவும் போக, குளோஸ்டு கேப்ஷன்னா எல்லாருக்கும் தெரியணும்னு அவசியமே இல்ல. வேணுங்கறவங்க சீட்டுல வெக்கிற சின்னக் கருவியிலயோ, கண்ணாடியிலயோ, போன் ஆப்லயோ பாத்துக்கலாம்.

"செலவு." சென்சாருக்குப் படத்தை அனுப்பும்போது முழு வசனத்தையும் எழுத்துல கொடுக்கணும். வெளிநாட்டு ரிலீஸுக்கு ஆங்கில சப்டைட்டில் எப்படியும் செய்றாங்க. எழுத்து ஏற்கெனவே ரெடி. மிச்சம் இருக்கறது நேரத்தோட கோக்கிற வேலையும், சத்தங்களை எழுதுற வேலையும். கதவு தட்டுற சத்தம், பின்னாடி யாரோ அழற சத்தம், இதெல்லாம் சேர்ந்தாதான் கேப்ஷன். மல்டிபிளெக்ஸ்ல தமிழ்ப் படத்துக்கு ஆங்கில சப்டைட்டில் போட்டுட்டு "இருக்கே சார்"னு சொல்றாங்க. எட்டாவது வரைக்கும் தமிழ்ல படிச்ச தையல்காரம்மாவுக்கு அது எதுக்கு?

"உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்கலாமே." கண்ணாடி முன்னாடி நின்னு சத்தமில்லாம "பணம்"னு சொல்லுங்க. அப்புறம் "மணம்"னு சொல்லுங்க. உதட்டுல வித்தியாசம் தெரியுதா? கொரோனா காலத்துல நாங்க எல்லாரும் மாஸ்க் போட்டப்ப இந்த அரைகுறை வழியும் அவங்களுக்கு அடைஞ்சு போச்சு. அப்ப நான் அதை யோசிக்கக்கூட இல்ல.

"இப்பதான் ஆபரேஷன் இருக்கே டாக்டர்." இருக்கு. காக்ளியர் இம்ப்ளான்ட் நம்ம மாநிலத்துல முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல சின்னக் குழந்தைகளுக்கு இலவசமா செய்றாங்க, அருமையான திட்டம். ஆனா பிறவியில இருந்தே கேட்காம நாப்பது வயசானவங்களுக்குப் பேச்சைப் பிரிச்சுப் புரிஞ்சுக்கிற அளவுக்கு அது பெரும்பாலும் உதவாது. பேச்சைப் புரிஞ்சுக்க மூளை பழகுற வயசு தாண்டிடும். 2011 கணக்கெடுப்புல செவித்திறன் குறைபாடுன்னு பதிவானவங்க மட்டும் 50 லட்சத்துக்கு மேல. வயசானதால காது மங்கி, அதை வெளிய சொல்லாத நம்ம தாத்தா பாட்டிகள் பலர் அந்தக் கணக்குல வரவே மாட்டாங்க.

"இப்ப போனே தானா எழுதுதே." முயற்சி பண்ணினேன். "பாதி மாத்திரை"ன்னு நான் சொன்னதை "பத்து மாத்திரை"ன்னு எழுதிச்சு. மனுஷர் ஒருத்தர் படிச்சுத் திருத்தாத கேப்ஷனை ஆஸ்பத்திரியில போடாதீங்க, ப்ளீஸ்.

ஒரு விஷயத்தை ஒத்துக்கணும். கேப்ஷன் எல்லாருக்கும் போதாது. சைகை மொழியே தாய்மொழியா இருக்கறவங்க பலருக்குத் தமிழ் எழுத்து இரண்டாம் மொழிதான். பள்ளிக்கூடமே சரியா கிடைக்காதவங்க இருக்காங்க. அவங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் வேணும். அந்தச் சண்டை தனி, அதையும் போடணும். ஆனா அதைக் காரணம் காட்டி இதைத் தள்ளிப் போடக் கூடாது.

அமெரிக்காவுல போர்ட்லாண்ட் நகரத்துல 2015-ல ஒரு உள்ளூர் சட்டம் போட்டாங்க. ஓட்டல், ஜிம், ஆஸ்பத்திரின்னு பொது இடத்துல டிவி ஓடினா கேப்ஷன் ஆன்லயே இருக்கணும். அந்த நாட்டு டிவியில கேப்ஷன் வசதி 1993-ல இருந்தே கட்டாயம், அதனால பட்டனை அமுக்கினா போதும். இருந்தும் யாரும் அமுக்கல, சட்டம் போட்டுதான் அமுக்க வெச்சாங்க. காது கேட்காதவர் ஒவ்வொரு கடையிலயும் போய்க் கெஞ்சுற வேலை அங்க மிச்சம்.

நம்ம ஊர்ல புதுசா ஒரு துறையே தேவையில்ல. தியேட்டருக்கு 'சி' படிவ லைசென்ஸ் மாவட்ட ஆட்சியர் கொடுக்கிறார், சென்னையில போலீஸ் கமிஷனர். தீயணைப்பு, கட்டட உறுதி, கழிப்பறைன்னு பாத்துட்டுதான் புதுப்பிக்கிறாங்க. அந்த லிஸ்ட்ல ஒரு வரி சேருங்க: தமிழ்க் கேப்ஷன் வசதி இருக்கா, ஓடுதா? இல்லன்னா புதுப்பிக்காதீங்க. ஒரே சீசன்ல எல்லாத் தியேட்டரும் வாங்கி வெச்சிடும். அரசு ஆஸ்பத்திரிக்கு இன்னும் சுலபம். கேப்ஷன் இல்லாத குறும்படத்தைத் துறையே வாங்காதுன்னு ஒரு சுற்றறிக்கை, ஹாலுக்கு ஒரு டோக்கன் டிஸ்ப்ளே.

புகார் கொடுக்க வழி இருக்கு. மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு எழுதலாம். விசாரணையில ஆட்களை வரவழைக்க சிவில் கோர்ட்டுக்கு உள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. ஆனா கடைசியில அவர் செய்யறது பரிந்துரை. சம்பந்தப்பட்டவங்க மூணு மாசத்துக்குள்ள நடவடிக்கை எடுக்கணும், ஏத்துக்கலைன்னா காரணம் சொல்லணும். அதனாலதான் லைசென்ஸோட கோத்து விடுங்கன்னு கேட்கிறேன். அதுவரைக்கும் பரிந்துரையாவது குவியட்டும், எழுதுங்க. தியேட்டர் பேர், தேதி, காட்சி நேரம், டிக்கெட் போட்டோ, கவுண்டர்ல என்ன பதில் சொன்னாங்கன்னு குறிச்சுக்கோங்க. காது கேட்கிறவங்களும் எழுதலாம். எழுதணும்.

அந்த அம்மாவைக் கேட்கிறீங்க, தெரியும். ஆபரேஷன் முடிஞ்சு மருந்து போயிட்டிருக்கு. இப்ப பையனைக் கூட்டிட்டு வர்றதில்ல. ஒரு நாப்பது பக்க நோட்டு வெச்சிருக்காங்க, நானும் அவங்களும் அதுல எழுதிக்கிறோம். போன தடவை அதுல என்கிட்ட கேட்டது, கீமோ நாளுக்கு அடுத்த நாள் மெஷின் மிதிக்கலாமான்னு.