பஸ் ஸ்டாண்டு போகலாம், கடைத்தெரு போகுமா?

கடலூரின் கடைத்தெரு எது என்று கேட்டால் யாரும் முதுநகரைக் காட்டுவதில்லை. கை நீள்வது திருப்பாப்புலியூர் லாரன்ஸ் சாலையை நோக்கித்தான். துறைமுகமும் பழைய வாணிகமும் முதுநகரில் இருந்தன. கலெக்டர் ஆபீசும் அதிகாரமும் மஞ்சக்குப்பத்துக்குப் போயின. இரண்டுக்கும் நடுவே, அப்பர் காலத்துப் பெருமையோடு பாடலீசுவரர் கோயிலைச் சுற்றிக் கிடந்த ஊர்தான் இரண்டையும் முந்தியது. அதற்கு யாரும் வரைபடம் போடவில்லை. ரயிலடியும் பேருந்து நிலையமும் கோயிலும் கூப்பிடு தூரத்தில் அமைந்தன, கடைகள் தாமாக வந்தன. நெல்லிக்குப்பத்திலிருந்து வரும் குடும்பம் சாமி கும்பிட்டு, கல்யாணப் பட்டும் எவர்சில்வர் குடமும் எடுத்து, ஒயர் கூடையில் பூவையும் காயையும் திணித்துக்கொண்டு ஊர் திரும்ப ஆட்டோகூட வேண்டாம். சிதம்பரத்தில் தேரோடும் நான்கு வீதிகளின் கதையும் ஏறக்குறைய இதுதான்.

இப்போது கடலூருக்கு எம்.புதூர், சிதம்பரத்துக்கு லால்புரம் என்று பேருந்து நிலையத்தைப் புறநகருக்குக் கொண்டுபோகும் பேச்சு. அங்கே கடைகளும் கட்டினால் புதிய கடைவீதி எழும் என்கிறார்கள். சென்னையில் கோயம்பேடு எழவில்லையா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் அங்கே 1996-ல் கொத்தவால்சாவடியின் மொத்தக் காய்கறி வியாபாரமே முதலில் பெயர்ந்தது, பேருந்து நிலையம் 2002-ல்தான் வந்தது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தைத் திறந்தபோதோ வாசலில் ரயில் நிலையம்கூட இல்லை. பயணிகள் பட்ட பாடு ஊரறியும். கடைகளை முதலில் கட்டிய கதையும் உண்டு: அமெரிக்காவின் எடினாவில் கட்டடக் கலைஞர் விக்டர் குரூயன் வடிவமைத்த சவுத்டேல் வணிக வளாகம் 1956-ல் திறந்தது. சுற்றிலும் வீடும் பள்ளியும் பூங்காவும் வரும் என்பது அவர் கணக்கு. வந்தது கார் நிறுத்தும் மைதானம். நம் மாவட்டத்து நெய்வேலி நிலக்கரி நிறுவனமும் அதே ஆண்டில் பிறந்ததுதான். அங்கே மெயின் பஜாரும் திட்டமிட்டுக் கட்டியதே, ஆனாலும் பிழைத்தது. சுற்றியுள்ள வட்டங்களில் வீடு கட்டி ஆளைக் குடிவைத்திருந்தார்களே!

நெரிசல் பொய்யல்ல. தீபாவளிக்கு முந்தைய வாரம் லாரன்ஸ் சாலையில் தோள் இடிக்காமல் நடக்க முடியாது. ஆனால் நெரிசலைக் கூட்டும் வண்டி வேறு, கடைக்கு ஆள் கொண்டுவரும் வண்டி வேறு. சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் போகும் வெளியூர்ப் பேருந்துகள் தாராளமாகப் புறவழிக்குப் போகட்டும். டவுன் பஸ் போகக் கூடாது. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. கீரை விற்க வருபவரும் ரவிக்கைத் துணி எடுக்க வருபவரும் அதில்தான் ஏறுகிறார்கள். கடைவாசலுக்கு எட்டத்தில் இறக்கிவிட்டு, மிச்சத் தொலைவுக்கு ஆட்டோவுக்குக் காசு அழ வைத்தால் இலவசம் என்ற சொல்லுக்கே பொருளில்லை. இப்போதுள்ள நிலையங்களை டவுன் பஸ்சுக்கு என்று எழுத்தில் உறுதிசெய்த பிறகே புதிய இடத்தில் கடைகளை ஏலம் விட வேண்டும். அதற்கு முன் ஏலம் எடுப்பவர் வாடகை கட்டுவது பூட்டிய ஷட்டருக்குத்தான்.