பத்து மணிக்கு விளக்கணைக்கச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

நம் மாவட்டத்து விடுதிப் பள்ளி ஒன்றில் பல ஆண்டுகள் வேதியியல் நடத்தியவன் நான். விடுதிப் பொறுப்பும் என்னிடமே இருந்தது. விடியற்காலை நாலரைக்கு விசில் ஊதி, போர்வையை இழுத்துப் பிள்ளைகளை எழுப்பிய கை இது. அதனால்தான் எழுதுகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் நோட்டு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. காலை ஐந்து மணி ஸ்டடியில் எழுதிய பக்கம். முதல் நாலு வரி குண்டு குண்டான எழுத்து. ஐந்தாவது வரி சாய்கிறது. ஆறாவதில் 'பொட்டாசியம்' பாதியில் நிற்க, பேனாக் கோடு மட்டும் பக்கத்தின் ஓரம் வரை வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. முகம் கழுவிவிட்டு வரச் சொன்னேன். வெகுநேரம் ஆளைக் காணோமே என்று போய்ப் பார்த்தால், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தான். அன்று வகுப்பில் எல்லார் முன்னாலும் அவனைத் 'தூங்குமூஞ்சி' என்றேன். முந்தின இரவு ஸ்டடி முடிந்து அவன் படுத்தது பதினொரு மணிக்கு என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அந்தச் சொல் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

அது சோம்பல் இல்லை ஐயா, உடம்பு கேட்ட கடன். 13 முதல் 18 வயதுவரை நாளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் பரிந்துரைத்தது. பருவ வயதில், தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்னும் சுரப்பு, சிறு வயதில் இருந்ததைவிட ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளியே சுரக்கிறது. சீக்கிரம் படு என்றாலும் அவர்களுக்குத் தூக்கம் வராது. நாலரைக்கு எழுப்பும்போது உடம்புக்கு அது நடு இரவு. படித்தது மனதில் படிவதும் தூக்கத்தில்தான். கலிபோர்னியாவில் 2022 முதல் உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. நம் பொதுத்தேர்வு காலை 10 மணிக்கு, நீட் தேர்வு பகல் 2 மணிக்கு. நாலரை மணி யாருக்காக?

லாரித் தொழிலில் வளர்ந்த ஊர் இது. 1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், பதினெட்டு நிறையாத பிள்ளையை இரவு 10 முதல் காலை 6 வரை வேலை வாங்கக் கூடாது என்றது. கிளீனர் பையனுக்குச் சட்டம் ஒதுக்கிய அந்த எட்டு மணி நேரத்தை, மாணவனுக்கு யாரும் ஒதுக்கவில்லை. முட்டைக்கோழிக்குக்கூட 16 மணி நேரம் வெளிச்சம், 8 மணி நேரம் இருட்டு என்பதுதான் பண்ணையில் வழக்கமான கணக்கு.

பள்ளிகளை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "அந்த ஸ்கூல்ல நாலு மணிக்கே எழுப்பி உட்டுர்றாங்களாமா, இங்க என்னுங் சார் லேட்டு?" என்று கேட்ட பெற்றோரை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நிலத்தை விற்றுப் பணம் கட்டியவரின் பயம் அது. ஒரு பள்ளி மட்டும் நேரத்தைத் தளர்த்தினால் பக்கத்துப் பள்ளிக்கு அட்மிஷன் போய்விடும். ஆகவே எல்லாருக்கும் ஒரே நாளில் ஒரே உத்தரவு வேண்டும். பிளஸ் டூ முடிவில் மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை 2017-இல் அரசு நிறுத்தியது அப்படித்தானே?

விடுதிப் பள்ளிகளிலும் பயிற்சி மையங்களிலும் இரவு 10 முதல் காலை 6 வரை படிப்பு, தேர்வு எதுவும் கூடாது என்று முதன்மைக் கல்வி அலுவலர் வழியாகச் சொல்லுங்கள். அதற்கு முன்னால், சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் காலை ஐந்து மணிக்கு ஏதாவது ஒரு ஸ்டடி ஹாலுக்குப் போங்கள். கடைசி பெஞ்சில் இருக்கும் நோட்டைப் புரட்டி, ஆறாவது வரியைப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியன் ஒருவன்