கால் பணமும் முழத் துண்டும்

போன வருஷம் ஆடி மாசம் பெரியம்மா செத்துப்போச்சு. அரசு மருத்துவமனையில் விடிகாலை மூன்று மணிக்கு உயிர் போனது. மூன்றரைக்கெல்லாம் வார்டு வாசலில் ஒருத்தன் வந்து நின்றான். சட்டைப் பையில் பேனா, கையில் சின்ன டைரி. "ஐஸ் பெட்டி, வண்டி, பந்தல், மேளம், சுடுகாடு, எல்லாத்தையும் நாங்க பாத்துக்கறோம்ணா. நீங்க அழுவுற வேலைய மட்டும் பாருங்க" என்றான். இந்த வரியை ஒரு கவிதையில் போடலாமே என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது. கவிஞன் புத்தி. உள்ளே இருக்கிற வங்கிக் குமாஸ்தா தாமதமாகத்தான் விழித்தான். பதினாறாம் நாள் முடிந்து அண்ணன் ஒரு கைப்பிடி துண்டுச் சீட்டுகளோடு என்னெதிரில் வந்து உட்கார்ந்தபோது.

கணக்கு இதுதான். ஐஸ் பெட்டி 3,500. பந்தல், நாற்காலி 4,200. பூப்பல்லக்கு வண்டி 7,500. மாலைகள் 4,800. மேளம் 9,000. பட்டாசு 3,600. சரக்கு 8,700. ஃபிளெக்ஸ் 1,800. சுடுகாட்டில் 4,500. ஆக 47,600 ரூபாய். பதினாறாம் நாள் சோறும் கறியும் இதில் சேரவில்லை. அண்ணியின் தாலிச் செயின் எங்கள் கிளையிலேயே, என் கவுண்டருக்கு இரண்டு கவுண்டர் தள்ளி அடகுக்குப் போனது. நகையை உரசிப் பார்த்த ஆசாரி என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன்.

அண்ணனுக்கு ஒரே கோபம். சுடுகாட்டுக்காரன் 4,500 புடுங்கிட்டானாம். மற்ற எந்தச் சீட்டைப் பற்றியும் அவருக்குப் புகார் இல்லை. தோழர்களே, நம் வீட்டுச் சாவுகளில் எப்போதும் இதுதான் நடக்கிறது. டைரிக்காரன் 'அண்ணா' என்று கூப்பிட்டு வாங்கிக்கொண்டு போனது பில். குழிமேட்டில் நிற்கிறவன் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டது கொள்ளை.

எனக்கு அந்த 4,500 உறுத்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சுடுகாட்டுக்கே போனேன். எந்த ஊர்ச் சுடுகாடு என்று எழுதப்போவதில்லை. எழுதினால் அந்த மூன்று பேருக்குத்தான் வம்பு வரும். அங்கே எரிவாயு தகன மேடை இருக்கிறது, நம் சனம் கரண்டு சுடுகாடு என்று சொல்வது. கட்டணப் பலகையும் இருக்கிறது. பெரியம்மாவைக் கொண்டுபோன அன்றைக்கு மேடை பழுது. அதனால் வரட்டி அடுக்கித்தான் எரித்தார்கள். மூன்று பேரில் மூத்தவர் தயங்காமல் கணக்கைப் பிரித்துச் சொன்னார். வரட்டி 1,800. கட்டை 1,200. வைக்கோலும் எண்ணெயும் 300. மீதி 1,200 மூன்று பேருக்கு, தலைக்கு 400. மாசச் சம்பளம் உண்டா என்று கேட்டேன். "பொணம் வந்தா சம்பளம். மழக்காலத்துல கொஞ்சம் நல்லா இருக்கும்" என்றார். சிரிக்காமல் சொன்னார்.

47,600 ரூபாயில் பெரியம்மாவை நெருப்பில் வைத்துச் சாம்பலாக்கித் தந்த மூன்று பேருக்குக் கிடைத்தது 1,200. வெடித்துச் சிதறிய பட்டாசு அதைப்போல மூன்று மடங்கு.

அந்த 400 ரூபாய்க்கு அவர் என்ன செய்கிறார்? வெட்ட வெளியில் வெறும் கட்டையில் எரித்தால் நானூறு, ஐந்நூறு கிலோ விறகு வேண்டும். அதில் பாதிச் சூடு காற்றோடு போய்விடும். நம் ஆட்கள் அப்படிச் செய்வதில்லை. கீழே கொஞ்சம் கட்டை, மேலே வரட்டி, அதன்மேல் வைக்கோல், அதன்மேல் சேறு. காற்று வர ஓட்டை எங்கே, எத்தனை, எந்தப் பக்கம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மெலிந்த உடம்புக்கு ஒரு கணக்கு, நீர் கோத்த உடம்புக்கு வேறு கணக்கு. சூடு உள்ளேயே நின்று ராத்திரி முழுக்க வேகும். கடைசியில் நெஞ்சுக்கூடும் இடுப்பும் நிற்கும். அதற்காக அவர் நடுச்சாமத்தில் எழுந்து வந்து பார்க்க வேண்டும். நாம் குளித்துவிட்டுப் படுத்திருப்போம். பாதியளவு எரிபொருளில் வேலையை முடிக்கிற இந்த அறிவுக்கு ஒரு கல்லூரியில் பெயர் வைத்திருந்தால் வெப்பவியல் என்றிருப்பார்கள். சேரியில் பிறந்துவிட்டதால் அதற்கு வெட்டியான் வேலை என்று பெயர்.

அரிச்சந்திரன் கூத்தில் மயான காண்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்த நாட்டுச் சுடுகாடுகளின் முதல் கட்டணப் பட்டியல் அதில்தான் இருக்கிறது. பிணத்துக்குக் கால் பணமும் முழத் துண்டும், அது முதலாளி வீரவாகுவுக்கு. வாய்க்கரிசி மட்டும் காவல் காக்கிற அரிச்சந்திரனுக்கு. பெற்ற பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு சந்திரமதி வந்து நிற்கும்போதும் அவன் கால் பணம் கேட்கிறான். சனம் கதறி அழுகிறது. ஒரு ராசா இந்த வேலையைச் செய்ய வேண்டி வந்துவிட்டதே என்று அழுகிறது. கொஞ்ச காலம்தான் செய்தான், அதற்கே சாமி இறங்கி வந்து ராச்சியத்தைத் திருப்பிக் கொடுத்தது. தலைமுறை தலைமுறையாகச் செய்கிறவனுக்கு எந்தக் காட்சியிலும் அழுகை இல்லை. இன்னொரு தந்திரமும் கதைக்குள் இருக்கிறது. கதையில் நம்மாள் வீரவாகு முதலாளி, சத்திரியன் அடிமை. நிஜத்தில் கால் பணமும் முழத் துண்டும் டைரிக்காரனோடு போய்விட்டது. வாய்க்கரிசி மட்டும் நம்மாளிடம் நிற்கிறது.

சரி, ஏழை வீட்டில் சாவு விழுந்தால் காசு இல்லாமல் காரியம் முடியுமா? பெரும்பாலும் முடியும். அது தெரியாமல் இருப்பதில்தான் டைரிக்காரனின் பிழைப்பு. அரசு மருத்துவமனையில் இறந்தவரை வீடு கொண்டுவர இலவச அமரர் ஊர்தி இருக்கிறது, எண் 155377. எங்களிடம் "அது வர மத்தியானம் ஆவும்ணா" என்று அவன் சொன்னான், நாங்களும் நம்பினோம். நான் படித்தவன், போன் என் பையிலேயே இருந்தது, அழைத்துக் கேட்கவில்லை. சென்னை மாநகராட்சி மயானங்களில் எரிக்கவும் புதைக்கவும் கட்டணமே கிடையாது, கேட்டால் 1913க்குப் புகார் செய்யலாம். மற்ற ஊர்களில் தகன மேடைக்கு ஒரு கட்டணம் வைத்திருப்பார்கள். முதலில் நேரே போய்ப் பலகையைப் படியுங்கள், ரசீது கேளுங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. சுடுகாட்டுச் சீட்டைத் தொலைத்துவிட்டு ஆறு மாசம் கழித்து அலைகிறவர்களை என் கவுண்டரில் வாரத்துக்கு ஒருத்தராவது பார்க்கிறேன். ஆதிதிராவிடர் குடும்பங்களுக்கு ஈமச்சடங்கு உதவி என்று ஒன்று உண்டு. அமைப்புசாராத் தொழிலாளர் வாரியத்தில் பதிந்தவர்களுக்கும் உண்டு. இரண்டும் பிணம் கிடக்கும்போது கைக்கு வராது, பின்னால் வரும். ஆனால் அடகை மீட்க உதவும். ஜி.எஸ்.டி.கூடப் பிணத்தை விட்டுவிட்டது. எரிப்பது, புதைப்பது, பிணத்தை ஏற்றிச் செல்வது எதற்கும் அந்த வரி கிடையாது. யாராவது சீட்டில் வரி போட்டிருந்தால் நின்று கேளுங்கள்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். 'இலவசம்' என்று பலகை எழுதிவிட்டு எரிக்கிறவனுக்குச் சம்பளம் போடாமல் விட்டால், அந்த இலவசத்தை யார் கொடுக்கிறார்கள்? சுடுகாட்டில் காசு கேட்கிறான் என்று புகார் செய்யச் சொல்லிப் பத்திரிகைகள் எழுதுகின்றன. கூலியை லஞ்சமாக்கி, கூலிக்காரனைத் திருடனாக்கி விட்டால் அலுவலகத்துக்கு வேலை மிச்சம். புகார் எண்ணைச் சுழற்றுவதற்கு முன் 'உங்களுக்கு மாசச் சம்பளம் உண்டா' என்று அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். உண்டு என்றால் புகார் செய்யுங்கள். இல்லை என்றால் புகார் வேறு இடத்துக்குப் போக வேண்டும்.

இதுவரை நான் பேசியது நகரத்துக் கணக்கு. கிராமத்தில் முதல் செலவே வழி. 2016 ஜனவரியில் திருநாள்கொண்டச்சேரியில் நூறு வயசுப் பெரியவர் ஒருவரின் உடலைப் பொதுப்பாதை வழியே கொண்டுபோகலாம் என்று உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது. காவல்துறை என்ன செய்தது? உத்தரவை நிறைவேற்றவில்லை. உடலைத் தானே எடுத்துக்கொண்டு போய் வேறு வழியில் புதைத்தது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில், நிலத்து வழியே விடமாட்டார்கள் என்பதால் பாலத்தின் மேலிருந்து பாடையைக் கயிறு கட்டி இறக்கினார்கள். பிணம் அந்தரத்தில் தொங்கிய படத்தை நாடே பார்த்தது. எங்கே மலிவு, எங்கே ரசீது என்ற என் குமாஸ்தா கேள்விகள் எல்லாம் அந்தப் பாலத்தின் கைப்பிடிச் சுவரோடு நின்றுவிடுகின்றன. எத்தனை செயினை அடகு வைத்தாலும் அந்த வழியை வாங்க முடியாது. சாதி பாராமல் ஒரே மயானம் வைத்திருக்கிற ஊருக்கு 10 லட்சம் ஊக்கத்தொகை என்று தமிழக அரசு அறிவித்தது. செத்தவர்களை ஒரே இடத்தில் எரிப்பதற்குப் பரிசு கொடுக்க வேண்டியிருக்கிற ஊர் நம் ஊர்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் வருஷத் திருத்தம், அந்த ஜனவரி 26ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. சுடுகாட்டையும் இடுகாட்டையும் பயன்படுத்த விடாமல் நம்மைத் தடுத்தால் குற்றம். பிணம் சுமக்கவோ குழி தோண்டவோ நம்மை வைத்தாலும் குற்றம். இரண்டையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள். ஊர்ச் சுடுகாட்டுக்குள் நம்மாள் போகலாம், அவர்கள் பிணத்தை எரிக்க. நம் பிணம் போகக் கூடாது. இந்த ஏற்பாட்டின் இரண்டு முனையையும் சட்டம் தொட்டிருக்கிறது. எத்தனை காவல் நிலையங்களில் அந்தப் பக்கத்தைத் திறந்திருப்பார்கள்?

மராட்டியத்தில் மகர்களின் வத்தன் முறையில் சாவுச் சேதி கொண்டுபோவதும் பிறப்பால் வந்த ஊழியம்தான். அதை உடைக்க 1928லேயே பம்பாய் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார் அம்பேத்கர். நம் பக்கத்தில் தொண்ணூறுகளில் சாவுச் சேதி சொல்ல மாட்டோம், சாவுக்குப் பறை அடிக்க மாட்டோம், செத்த மாடு தூக்க மாட்டோம் என்று சேரி சேரியாக நின்றார்கள். அடியும் வாங்கினார்கள். இதையெல்லாம் சொல்லித்தான் நாம் வளர்ந்தோம். ஆனால் நம் வீட்டுச் சாவில் என்ன நடக்கிறது? சாதி இந்துவின் பூப்பல்லக்குக்கு ஒரு முழம் நீளமாக நம் பூப்பல்லக்கு. அவன் பத்தாயிரம் வாலா வெடித்தால் நாம் இருபதாயிரம். பெரியம்மாவின் ஃபிளெக்ஸில் பெரியம்மா முகம் ஓரத்தில் சின்னதாக இருந்தது. நடுவில் எங்கள் இளைஞர்கள் பதினாலு பேர், கறுப்புக் கண்ணாடியோடு. நானும் அதில் இருக்கிறேன். வேண்டாமென்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

ஊர் நம்மைச் செருப்புப் போட விடாத தெருவில், செத்த பிறகாவது ராசா மாதிரிப் போகட்டும் என்று நினைக்கிற மனசு எனக்குப் புரிகிறது. அதைக் கிண்டல் செய்கிற பகுத்தறிவுக்காரர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அந்த ராச மரியாதைக்கு வட்டி கட்டுவது அண்ணி. வருஷத்துக்கு ஒரு முறை வட்டியைக் கட்டி நகையைத் திருப்பி வைக்க என் கிளைக்கு வருகிற பெண்கள் கூட்டத்தில் 'எதுக்கு வெச்சீங்க' என்று கேட்டால் கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான்.

எங்கள் தெருவில் ஆறேழு பேர் சேர்ந்து இப்போது ஒரு தாள் தயார் செய்திருக்கிறோம். சாவு விழுந்த வீட்டில் முதலில் யார் போய் நிற்பது, அமரர் ஊர்திக்கு யார் போன் செய்வது, சுடுகாட்டுக்கு நேரே போய் யார் பேசுவது, பதிவுக்கு யார் போவது என்று. ஐஸ் பெட்டியைத் தெருவுக்குப் பொதுவாக ஒன்று வாங்கலாம் என்று சீட்டுப் பிடிக்கிறோம். பந்தல் நாற்காலி கோயில் பணத்தில் வாங்கியது ஏற்கெனவே இருக்கிறது. பட்டாசு, ஃபிளெக்ஸ் இல்லை. சரக்கு இல்லை என்று எழுதினோம், இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். ஒருத்தர் திரும்பி வந்தார். எரிக்கிறவர்களுக்குத் தலைக்கு ஆயிரத்துக்குக் குறையக் கூடாது, அதைக் கையில் கொடுக்க வேண்டும், தரையில் போடக் கூடாது என்று எழுதியபோது யாரும் எதிர்க்கவில்லை.

மேளத்தில்தான் நிற்கிறது. ஊர்ச் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்றது சரி, நம் சாவுக்கு நம் பறையை நாமே அடித்தால் அது கலை என்கிறான் கல்லூரியில் படிக்கிற ஒரு தம்பி. அடிக்கிற நாலு பேருக்கும் அது கூலிதான், கலை இல்லை என்கிறார் இன்னொருத்தர். அண்ணனிடம் கேட்டேன்.

"டேய் தம்பி, எல்லாத்தையும் அடிச்சிக்கோ. மேளம் இல்லாம அம்மாவ எப்பிட்றா அனுப்பியிருப்பேன்?"

தாளில் அந்த இடத்தை இன்னும் காலியாகத்தான் விட்டிருக்கிறோம்.