ஓர் ஊடை பின்னால்

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குத் தம்பியிடமிருந்து போன். "அண்ணா, கம்ப்யூட்டர் ஏறவே மாட்டேங்குது. ராத்திரி அப்டேட் ஓடிட்டிருக்கறப்ப கரண்ட் போயிடுச்சு. இப்ப போட்டா வட்டம் சுத்துது, நீலமா ஒரு திரை வருது, தானா அணையுது, மறுபடி வட்டம் சுத்துது." கொஞ்சம் நிறுத்தினான். "கடையில கேட்டேன். எடுத்துட்டு வாங்க, ஃபார்மட் அடிச்சுப் புதுசா ஏத்திடலாம், சாயங்காலம் வாங்கிக்கலாம்னு சொல்றாங்க. கொண்டுபோகட்டுமா?"

"தொடாதே. நான் வர்றேன்" என்றேன்.

தம்பி என்றால் சித்தப்பா மகன். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் வீட்டு முன்னறையில் டிசைன் போட்டு, ஜக்கார்டு அட்டை குத்திக் கொடுக்கிறான். நெசவாளர் கேட்கும் மயிலையும் அன்னத்தையும் மாங்காயையும் ருத்ராட்சத்தையும் திரையில் கட்டம் கட்டமாக நிரப்பி, அந்தக் கட்டங்களைத் துளைகளாக அட்டையில் இறக்குவது அவன் வேலை. பதினோரு வருடமாகச் சேர்ந்த டிசைன்கள் அந்த ஒரே பெட்டிக்குள். அதில் பாதி, யார் யாரோ கொண்டுவந்த பழைய புடவைகளை விரித்துவைத்து, லென்ஸ் பிடித்து, இழை எண்ணி மீட்டவை. அந்தப் புடவைகளில் சில பிறகு சரிகை வெள்ளிக்காக உருக்கப்பட்டுவிட்டன. கடைக்காரர் சாயங்காலம் நன்றாக ஓடும் கம்ப்யூட்டரைக் கொடுத்துவிடுவார். டிசைன்களை யார் கொடுப்பது?

ஃபார்மட் என்ற சொல் இன்று எல்லா வாயிலும் முதலாக வருகிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பெரியப்பாவின் தறிதான் நினைவுக்கு வரும்.

நான் ஏழாவதோ எட்டாவதோ படித்த காலம். குழித்தறியில் ஒரு முகூர்த்தப் புடவை. முந்தி ஓடிக்கொண்டிருந்தது. பெரியப்பா திடீரென்று மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டார். மயிலின் கழுத்து ஓரிடத்தில் ஒடிந்தாற்போல் இருந்தது. மேலே ஜக்கார்டில் இரண்டு அட்டைகள் சேர்ந்தாற்போல் புரண்டிருக்கின்றன. அவர் கண்ணில் படுவதற்குள் நாற்பது ஊடைக்கு மேல் விழுந்துவிட்டது. நானாக இருந்தால் கத்தரிக்கோலைத் தேடியிருப்பேன். அவர் அட்டை உருளும் கட்டையைக் கையால் ஓர் அட்டை பின்னுக்குத் திருப்பினார். மிதித்தார். பாவு பிரிந்து வாய் திறந்தது. கடைசியாக விழுந்த சரிகை ஊடையை அந்த வாய் வழியாகவே, அறுக்காமல், மெல்ல உருவி, பக்கத்திலிருந்த தாரில் திரும்பச் சுற்றினார். மறுபடி ஓர் அட்டை பின்னுக்கு. மறுபடி மிதி. மறுபடி ஓர் ஊடை. மாலை வரை அதுவே வேலை. கழுத்து சரியாக இருந்த இடம் வந்ததும் நேராக நெய்ய உட்கார்ந்துவிடவில்லை. ஏணி போட்டு மேலே ஏறி, அந்த இரண்டு அட்டைகளுக்கு நடுவே தளர்ந்திருந்த கயிற்றைப் பார்த்து இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் இறங்கினார்.

கெட்டது எந்த ஊடையில் என்று பார், அதற்கு முந்தைய ஊடை வரை போ, ஏன் கெட்டது என்று பார், பிறகு நெய். கம்ப்யூட்டரைச் சரிசெய்ய நான் கற்றதெல்லாம் அன்றைக்குத் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுதான்.

பொத்தானை அழுத்தியதும் கம்ப்யூட்டருக்குள் நடப்பதும் ஒரு வரிசைதான். முதலில் தாய்ப்பலகையில் இருக்கும் சிறிய நிரல் எழுந்து நினைவகம், டிஸ்க், கீபோர்டு எல்லாம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும். பிறகு டிஸ்க்கில் ஒரு சிறு மூலையில் இருக்கும் துவக்க நிரலைத் தேடி எடுக்கும். அது இயங்குதளத்தின் கருவை எழுப்பும். கரு டிரைவர்களை ஒவ்வொன்றாக எழுப்பும். கடைசியில்தான் நமக்குத் தெரிந்த திரை. அப்டேட் என்பது இந்த வரிசையில் உள்ளவர்களில் சிலரை மாற்றி வேறு ஆளை உட்காரவைப்பது. பாதி மாற்றும்போது மின்சாரம் போனால், பழைய ஆள் எழுந்து போயிருப்பார், புதியவர் வந்து உட்கார்ந்திருக்க மாட்டார். வட்டம் சுற்றும் வரை வந்ததென்றால் தாய்ப்பலகையும் நினைவகமும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன, பழுது அநேகமாக அதற்குப் பிறகு என்று அர்த்தம். எந்த ஊடை வரை சரி என்று இப்படித்தான் பார்க்க வேண்டும். பொத்தானை அழுத்தி அழுத்தி அணைப்பதில் ஒன்றும் தெரியாது.

போனதும் அட்டை குத்தும் மெஷினின் ஒயர், பிரின்டர், பென்டிரைவ் எல்லாவற்றையும் பிடுங்கினோம். நீலத் திரையில் வந்த பிழைப் பெயரைப் போனில் படம் எடுத்துவைத்தேன். அது இரண்டு நொடிதான் நிற்கும், கண்ணால் படித்து நினைவில் வைக்க முடியாது. தொடர்ந்து இரண்டு மூன்று முறை துவக்கம் தோற்றால் இப்போதைய கம்ப்யூட்டர்கள் தாமாகவே ஒரு மீட்புத் திரைக்கு வரும். வந்தது. உள்ளே நுழையப் போனால், ஒரு சாவி கேட்டது. 48 இலக்கம்.

"சாவியா? நான் பூட்டே போடலயே அண்ணா" என்றான்.

அவன் போடவில்லைதான். புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர்கள் பலவற்றில், முதல் நாள் ஈமெயில் கொடுத்து உள்நுழையும்போதே டிஸ்க் பூட்டிக்கொள்கிறது. திருடு போனால் தகவல் பத்திரம். ஆனால் வீட்டுக்காரனுக்கே பூட்டு இருப்பது தெரியாது. ஃபார்மட் அடிக்கப்போகிறவர் அதைக் கேட்கவும் மாட்டார், அவருக்கு அது தேவையில்லை.

2019ல் இந்த ஊரில் அத்திவரதர் எழுந்தருளிய நாட்கள் அப்போது மனதில் ஓடின. அனந்தசரஸ் குளத்துக்குள் நாற்பது வருடம் நீருக்கடியில் இருந்தவரை, 1979க்குப் பிறகு, ஜூலை 1 முதல் 48 நாட்கள் ஊரும் நாடும் பார்த்தன. நாற்பது வருடத்தில் ஒரு தலைமுறையே மாறிவிடும். ஆனாலும் எந்த மண்டபத்தின் அடியில், எந்த ஆண்டு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வைத்த இடத்தை ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லிவைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய கம்ப்யூட்டரின் சாவி எங்கே என்று நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

தம்பி மகள்தான் மீட்டாள். வாங்கிய அன்று உள்நுழையக் கொடுத்தது அவள் திறந்த ஈமெயில் கணக்கு. பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், பையைக் கீழே வைத்து, போனில் அந்தக் கணக்குக்குள் போய்ச் சாவியை எடுத்தாள். ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதி. அவள் படிக்க, நான் அடித்தேன். திறந்தது.

2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்க, நீலத் திரைக்கு முன்னால் சாவி தேடும் இந்தக் காட்சிதான். அன்றைக்கு முதல் ஆடி வெள்ளி. நம் நேரம் காலை 9:39க்கு, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் ஃபால்கன் மென்பொருளுக்கு ஒரு சிறு அப்டேட் அனுப்பியது. 78 நிமிடத்தில் தவறு தெரிந்து திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் விழுந்தன என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. உலகத்தின் விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் அது ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் விமான நிலையங்களும் ஆஸ்பத்திரிகளும் வங்கிகளும் அந்த ஒரு சதவீதத்துக்குள்தான் இருந்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள்.

அதன் காரணத்தைப் பிறகு அந்த நிறுவனமே விரிவாக எழுதி வெளியிட்டது. அதைப் படித்தபோது எனக்குத் தறிக்கூடத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. வந்த விதிக்கோப்பு 21 உள்ளீடுகளைக் கேட்கிறது. கம்ப்யூட்டரில் இருக்கும் நிரல் கொடுப்பது 20தான். முந்தைய கோப்புகளில் அந்த 21வது இடத்தில் 'எதுவானாலும் சரி' என்று இருந்ததால், குறை வெளியே தெரியவில்லை. அன்று வந்த கோப்பு முதல்முறையாக 21வதைக் குறிப்பிட்டுக் கேட்டது. இல்லாத இடத்தில் கைவைத்த நிரல் கருவோடு சேர்ந்து விழுந்தது. ஜக்கார்டில் அட்டையில் துளை இருந்தால் ஊசி அதற்குள் போகும், அதன் கொக்கி பாவு இழையைத் தூக்கும். துளை இல்லையென்றால் ஊசி தள்ளப்படும், கொக்கி விலகிவிடும். 240 கொக்கிப் பெட்டிக்கு 241வது துளை குத்தி அனுப்பினால் என்ன ஆகும் என்று தம்பியைக் கேளுங்கள், சிரிப்பான். தறியில் அது நடக்கவே நடக்காது. ஒரு புது டிசைன் வந்தால் ஒரு தறியில், ஒரு புட்டா ஓட்டிப் பார்த்து, கையால் தடவிப் பார்த்த பிறகுதான் மற்றத் தறிகளுக்கு அட்டை போகும். இவர்கள் எல்லாத் தறிக்கும் ஒரே காலையில் அனுப்பிவிட்டார்கள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான், கொஞ்சம் கொஞ்சமாகப் படிப்படியாக அனுப்புவோம் என்றார்கள்.

தீர்வு ஒற்றை வரி: சேஃப் மோடில் போய், 'சி-00000291' என்று தொடங்கும் கோப்பை அழி, திரும்பத் துவக்கு. ஆனால் துவங்காத கம்ப்யூட்டருக்கு இணையம் வழியே கை நீளாது. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு மனிதர் போய் உட்கார வேண்டியிருந்தது. அப்படி உட்கார்ந்தவர்களை நிறுத்தியது பல இடங்களில் அதே 48 இலக்கச் சாவிதான். பூட்டிய கம்ப்யூட்டருக்கான சாவிப் பட்டியலைப் பூட்டிய இன்னொரு கம்ப்யூட்டருக்குள் வைத்திருந்தவர்களும் உண்டு. அந்த வார இறுதியில் தூங்காமல் கம்ப்யூட்டர் கம்ப்யூட்டராக நடந்த அந்தப் பெயர் தெரியாத பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

பிள்ளையார்பாளையத்துக்கு வருகிறேன். சாவி கிடைத்ததும் தம்பி அப்டேட்டை நீக்கத் துடித்தான். முதலில் டிசைன்கள் என்றேன். மீட்புத் திரையில் கட்டளைச் சாளரம் ஒன்று உண்டு. அங்கே நோட்பேடைத் திறந்து, அதில் ஃபைல், ஓப்பன் என்று போனால் டிஸ்க் முழுக்கத் தெரியும். எழுதும் செயலி வழியே கோப்புறையை வலது கிளிக் செய்து காப்பி எடுத்து, வெளி டிஸ்க்கில் ஒட்டிவிடலாம். எத்தனையோ பேரை இது காப்பாற்றியிருக்கிறது, ஆனாலும் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. நகல் ஓடும்போது திரையில் ஒன்றும் அசையாது, செத்துவிட்டது போலவே இருக்கும். காத்திருக்க வேண்டும். ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்தோம். சித்தி இரண்டு தரம் காபி கொண்டுவந்து வைத்தார். தம்பி இரண்டையும் குடிக்கவில்லை.

நகல் முடிந்து, மயில் கோப்புறையை என் லேப்டாப்பில் திறந்து காட்டிய பிறகுதான் அடுத்த வேலை. மீட்புத் திரையிலேயே அப்டேட்டை நீக்கும் இடம் இருக்கிறது. மாதாந்திரச் சிறிய அப்டேட்டுக்கு ஒன்று, வருடத்துக்கொரு பெரிய மாற்றத்துக்கு ஒன்று என்று இரண்டு. முதலில் சிறியது. பெரியதென்றால் பழைய இயங்குதளத்தைப் பத்து நாள்தான் வைத்திருக்கும், அதற்குள் திரும்பினால் உண்டு. இவனுடையது சிறியதே. நீக்கச் சொன்னோம். வட்டம் சுற்றியது. நீலம் வருமோ என்று இருவரும் மூச்சைப் பிடித்திருந்தோம். வரவில்லை. அவன் திரையில் எப்போதும் இருக்கும் கோபுரப் படம் வந்தது.

ஏணியில் ஏறிக் கயிற்றைக் கட்டும் வேலை பாக்கி. யுபிஎஸ் பேட்டரி ஆறு மாதமாகச் செத்துக் கிடந்தது. அதை மாற்றியதும், டிஸ்க்கில் இடம் ஒழித்ததும், பகலில், கண்ணெதிரே அதே அப்டேட்டைத் திரும்பப் போட்டோம். அப்டேட் வேண்டாம் என்று நிறுத்திவைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. திருடர்களுக்குத் தெரிந்த ஓட்டையைத் திறந்தே வைப்பது அது. இந்த முறை ஒழுங்காக ஏறியது.

இந்த ஊர்த் தறிக்கும் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்கும் உறவு பழையது. லியோன் நகரத்து ழோசஃப் மரீ ஜக்கார்டு 1804ல் அமைத்த அட்டைத் தறியைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கும் அட்டைதான் என்று முடிவுசெய்தார். சுமார் 24,000 அட்டை போட்டுப் பட்டில் நெய்த ஜக்கார்டின் உருவப்படம் ஒன்று பாபேஜ் வீட்டில் மாட்டியிருந்தது. அட்டையிலிருந்து பிறந்தது இப்போது திரும்பி வந்து நமக்கே அட்டை குத்திக் கொடுக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம் என்னை உறுத்துகிறது. அட்டைக் கட்டு ஆணியில் தொங்கினால் பேரன் எடுத்துத் தறியில் மாட்டலாம். பென்டிரைவ் வந்த பிறகு கிராப் தாளையும் அட்டைக் கட்டையும் எடைக்குப் போடுகிற வீடுகளைப் பார்க்கிறேன். வேண்டாம், போடாதீர்கள். இடம் அடைத்தாலும் பரணில் கிடக்கட்டும்.

வியாழக்கிழமை பெரியப்பா தன் கரைக்கு அட்டை வாங்க வந்தார். தம்பி சாவியின் எட்டுத் தொகுதியையும் குத்தாத ஓர் அட்டையில் மார்க்கரால் எழுதி ஆணியில் மாட்டியிருந்தான். பெரியப்பா அதை எடுத்துத் தடிமன் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இதுல துளையே இல்லையே, எந்தப் புடவைக்கு?"

தம்பி நடந்ததைச் சொன்னான். கேட்டு முடித்தவர் அட்டையைத் திரும்ப மாட்டவில்லை.

"இன்னொரு அட்டையில இதையே எழுது. அது எங்க வீட்டுல இருக்கட்டும்" என்றார்.